நாற்பது விநாடி

ஏசி ஓடும்போது பிளெண்டரைப் போட்டால்
வீடே டப்பென்று அணைந்துவிடும்.
பிறகு கொல்லைப்புறம் போய்
வெயிலில் பழுத்துக் கிடக்கும் தகரப் பெட்டியைத்
துணி சுற்றிய கையால் திறந்து
விழுந்த சுவிட்சைத் தூக்கி நிறுத்த வேண்டும்.
இந்த ஜூனில் மூன்று முறை நிறுத்தியாயிற்று.
டூசானில் இன்று நூற்றுப் பதின்மூன்று டிகிரி.

அதனால் முதலில் ஏசியை அணைக்கிறேன்.
ஒரு குவளைக் குளிருக்கு
வீட்டுக் குளிரை அடகு வைக்கிற கணக்கு.
நாற்பது விநாடிதான்.
அதற்குள் சுவர்கள் ஒன்றும் செத்துப்போகாது.

நேற்று மிஞ்சிய காப்பியை
ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்திருந்தேன்.
இது கடையில் சொல்லித் தந்ததில்லை.
கடையில் வெறும் தண்ணீர்க் கட்டி,
பத்தாவது உறிஞ்சலில் கழுநீர்.
இங்கே கறுப்புக் கட்டி பன்னிரண்டு.
தட்டை முறுக்கினால்
பல்லைக் கடிக்கிற சத்தத்தோடு விழுகின்றன.
கட்டிகள் பாதி மூழ்கும்வரை பால்.
டப்பாப் பால் இரண்டு கரண்டி
(நான் நக்கிய கரண்டி கணக்கில் வராது).
ஒரு சிட்டிகை உப்பு.
ஏன் என்று கேட்காதீர்கள், போட்டுப் பாருங்கள்.

ஸ்பீட்வே தெருவில் பழைய சாமான் கடை,
பிளெண்டர் நாலு டாலர்.
உடம்பு ஒரு கம்பெனி, ஜாடி இன்னொரு கம்பெனி,
மூடிக்கு ரப்பர் வளையம் கிடையாது.
பொருந்தாத கல்யாணத்துக்கு நடுவில்
நான் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறேன்.
முழங்கை வரைக்கும் ரயில் போகிறது.
முதலில் கல்,
பிறகு சரளை,
பிறகு மணல்.
மணலும் அடங்கித்
தொண்டைக்குள் யாரோ முனகுவதுபோல் ஆகும்போது
நிறுத்திவிட வேண்டும்.
அந்த இடம் எனக்குக் காதால் தெரியும்.

ஆறு வருஷமாக ஜன்னலில் நிற்கிறேன்.
காலை நாலரையிலிருந்து
காதுக் கருவிக்குள் கார்கள் பேசும்.
நாளைக்கு இருநூறு குவளை.
பெயரை எழுது, மூடியை அழுத்து, கையை நீட்டு,
நல்ல நாளாக அமையட்டும்.
கார்க் கண்ணாடி ஏறும், வண்டி நகரும்.
என் கையால் செய்ததை
ஒருவர் கடைசிவரை குடித்து
நான் பார்த்ததேயில்லை.

டெல்ஃபீனோ வந்துவிட்டான்.
கூரை போடுகிறவர்களுக்கு இங்கே
விடியுமுன் தொடங்கி மதியத்தோடு நாள் முடியும்.
அதற்குமேல் தார் காலைக் கவ்விக்கொள்ளும்.
வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினான்.
சட்டை முதுகில் உப்பு ஏதோ நாட்டின் எல்லையை வரைந்திருந்தது.
குவளையை நீட்டினேன்.

வாங்கியவன் குடிக்கவில்லை.
பிடரியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.
பிறகு இடது மணிக்கட்டு.
பிறகு வலது.

"அது குடிக்கிறதுக்கு."
"இரு, ஒஃபேலியா."
"நாலு நிமிஷத்தில் பிரிந்துவிடும்,
மேலே நுரை, கீழே தண்ணி."
"இரு."

இருநூறு பேரில் ஒருத்தனாவது
கண்ணெதிரே நின்று குடிப்பான் என்று பார்த்தால்
அவனும் கழுத்துக்குப் பூசிக்கொள்கிறான்.
எனக்கு வந்த கோபத்தில்
இன்னும் ஒரு தட்டு ஐஸ் உடைத்திருக்கலாம்.

பிரிந்த பிறகுதான் குடித்தான்.
கரண்டியால் கலக்கி,
ஒரே மூச்சில் பாதி, நின்று, மீதி.
மீசையில் பழுப்பு நுரை.
"கடையில் இது என்ன விலை?"
"ஆறே முக்கால் டாலர்."
உதடு அசைய மனக்கணக்குப் போட்டான்.
"கூரையில் கால் மணி நேரம்" என்றான்.
குனிந்து குவளைக்குள் பார்த்தான்,
கால் மணி நேரம் அடியில் ஒட்டியிருக்கிறதா என்று.
ஒட்டியிருந்ததை விரலை விட்டு வழித்தான்.

அவன் நெற்றியில் மறுபடி வேர்வை.
என் முதுகிலும் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.
ஏசியை நான் இன்னும் போடவேயில்லை.